மிதிக்காத தந்தி ஏன் இறங்குகிறது? பெடல் ஸ்டீல் கிட்டாரில் ‘கேபினட் ட்ராப்’

சனிக்கிழமை காலை டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வாசலில் பக்கி (பிக்கப் வண்டி) ஒன்று வந்து நின்றது. பின்னால் போர்வை சுற்றிய நீளப் பெட்டி. இறக்கும்போதே என் தங்கை மகன் புலம்பத் தொடங்கிவிட்டான். “மாமா, வித்தவன் ஏமாத்திட்டான். பெடலை மிதிச்சா சுருதி ஓடிடுது. மிதிக்காத தந்திகூட இறங்குது. இதை வச்சுக்கிட்டு எப்படி வாசிக்கிறது?”

உள்ளே இருந்தது பழைய பெடல் ஸ்டீல் கிட்டார். அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் 1962இல் தென்னாப்பிரிக்கா வந்துபோனதிலிருந்து எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு கன்ட்ரி பாட்டு என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டன் கறி மாதிரி. அந்தப் பாட்டுகளில் வழுக்கிக்கொண்டு அழுகிற ஒலி இருக்கிறதே, அதன் மேல் ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறான்.

நான் இசைக்காரன் இல்லை. ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு பட்டறையில் முப்பது வருஷம் ஃபிட்டர் வேலை. ஆனால் அவன் சொன்ன நோய் எனக்குப் புரிந்தது. பாரம் ஏற்றினால் இரும்பும் வளையும், மரமும் வளையும் என்பது ஃபிட்டருக்கு முதல் நாள் பாடம். வாசிப்பவர்கள் இதைக் கேபினட் ட்ராப் என்கிறார்கள். பெட்டி வளைவதால் சுருதி இறங்குவது. விற்றவர் மேல் பழி போடுவதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: கொஞ்சமாவது இறங்காத பெடல் ஸ்டீல் அபூர்வம். எவ்வளவு இறங்குகிறது, எங்கே வளைந்து இறங்குகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் கருவி

ஹவாயன் கிட்டார் பலருக்குத் தெரிந்திருக்கும். மடியில் கிடத்தி, தந்தியின் மேல் இரும்புக் கட்டையை நகர்த்தி வாசிப்பது. இந்தி சினிமாப் பாட்டுகளில் வான் ஷிப்லி அதை வாசித்தார். அதற்கு நான்கு கால் வைத்து, அடியில் பெடல்களும் முழங்காலால் தள்ளுகிற லீவர்களும் பூட்டினால் பெடல் ஸ்டீல். பெடலை மிதித்தால் குறிப்பிட்ட தந்திகள் மட்டும் அரைச் சுரமோ முழுச் சுரமோ ஏறும். காலை எடுத்தால் திரும்பிவிடும்.

அதிகம் பேர் வாசிக்கும் ஈ-9 அமைப்பில் பத்துத் தந்தி. நம்மிடமிருந்து தள்ளி இருப்பது முதல் தந்தி, மடிப்பக்கம் இருப்பது பத்தாவது. நான்காவதும் எட்டாவதும் ஈ. மூன்றாவதும் ஆறாவதும் ஜி ஷார்ப். ஐந்தாவதும் பத்தாவதும் பி. ஈயை ஷட்ஜமமாக வைத்துக்கொண்டால் நம் ஆட்களுக்கு எளிது: ஸ, க, ப. ஏ பெடலை மிதித்தால் ஐந்தும் பத்தும் ஒரு முழுச் சுரம் ஏறி பஞ்சமம் சதுச்ருதி தைவதம் ஆகும். பி பெடலை மிதித்தால் மூன்றும் ஆறும் அரைச் சுரம் ஏறி அந்தர காந்தாரம் சுத்த மத்யமம் ஆகும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் ஸ-க-ப போய் ஸ-ம-த வந்துவிடும். கன்ட்ரி பாட்டின் அந்த அழுகை பெரும்பாலும் இந்த ஒரே அசைவுதான்.

கவனியுங்கள், ஸ மாறவே இல்லை. நான்காவது தந்தியையும் எட்டாவது தந்தியையும் இந்த இரண்டு பெடலும் தொடவில்லை. அவை நின்ற இடத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் ஆதார ஷட்ஜமமே கீழே நழுவினால் எப்படி இருக்கும்? அதுதான் என் மருமகன் காதில் விழுந்தது. பையனுக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது.

துணிக்கொடிக் கம்பம்

கொல்லையில் இரண்டு கம்பம் நட்டு நடுவில் ஐந்து கயிறு கட்டியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். எல்லாம் விறைப்பாக இருக்கிறது. இப்போது ஒரு கயிற்றை மட்டும் பிடித்து இன்னும் இறுக்குகிறீர்கள். என்ன நடக்கும்? அந்த இழுப்பில் கம்பங்கள் ஒன்றை நோக்கி ஒன்று ஒரு நூல் சாயும். மற்ற நான்கு கயிற்றையும் யாரும் தொடவில்லை, ஆனாலும் அவை தொய்யும். காவடிக்குப் பந்தல் போடும்போது கயிறு இழுத்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

கிட்டாரில் ஒரு கம்பம் இடது கைப் பக்கம் இருக்கும் சாவிப் பலகை, அதாவது தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் சாவிகள் உள்ள பலகை. இன்னொரு கம்பம் வலது கைப் பக்கம் இருக்கும் சேஞ்சர். ஒவ்வொரு தந்தியும் அங்கே வளைந்த அலுமினிய ‘விரல்’ ஒன்றின் மேல் படிந்து முடிகிறது. பத்து விரலும் ஒரே அச்சுத்தண்டில் கோத்திருக்கும். பெடலை மிதித்தால் பெட்டிக்கு அடியில் ஓடும் இழுகம்பி அந்த விரலின் கீழ்ப்பக்கத்தை இழுக்கும், விரல் கொஞ்சம் சுழலும், தந்தி இறுகும். கம்பங்களுக்கு நடுவே இருக்கும் பூமிதான் மரப்பெட்டி. பெரும்பாலும் மேப்பிள் மரம்.

இழுப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தந்தியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தோடு ஏறும். அரைச் சுரம் ஏற்ற இழுவிசை சுமார் 12 சதவீதம் கூட வேண்டும். முழுச் சுரத்துக்கு சுமார் 26 சதவீதம். ஐந்தாவது தந்தி சாதாரணமாக 11 கிலோ அளவு இழுப்பில் நிற்கும், ஏ பெடலை மிதித்தால் கிட்டத்தட்ட 14க்குப் போகும். மூன்று, ஐந்து, ஆறு, பத்து நான்கையும் சேர்த்தால் இரண்டு பெடலும் மிதிக்கும் நேரத்தில் பெட்டியின் மேல் புதிதாக ஏறுவது சுமார் 8 கிலோ. பத்துத் தந்தியும் சேர்ந்து ஏற்கெனவே 100 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிற பெட்டி அது.

எட்டுக் கிலோவுக்கு ஒரு மேப்பிள் கட்டை வளைந்துவிடுமா என்று மருமகன் சிரித்தான். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தந்திக்குத் தெரியும். நான்காவது தந்தி 0.014 அங்குலத் தடிமன். சுமார் 24 அங்குல நீளத்தில் அதை ஈ சுரத்துக்கு இழுத்து நிறுத்தும்போது அது மொத்தமாக நீண்டிருப்பது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர்தான். அந்த நாலு மில்லிமீட்டரில்தான் அதன் முழுச் சுருதியும் இருக்கிறது. இரண்டு முனையும் 0.02 மில்லிமீட்டர் நெருங்கினால் போதும், சுருதி சுமார் 5 சென்ட் இறங்கும். நுண்ணளவு பார்க்கும் என் பழைய டயல் கேஜில் இரண்டே கோடு. தலைமயிரை மூன்றாகப் பிளந்தால் அதில் ஒன்று.

(சென்ட் என்பது அரைச் சுரத்தை நூறாகப் பிரித்ததில் ஒரு பங்கு. சுருதி காட்டும் கருவியான ட்யூனரில் முள் நகர்வது அதில்தான். இந்த ஈ சுரத்தில் 5 சென்ட் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட ஒரு அதிர்வு வித்தியாசம். கீபோர்டு அதே ஈயைப் பிடித்துக்கொண்டிருந்தால், நொடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்குகிற அலை கேட்கும்.)

இன்னொரு விஷயம், இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரே அளவு வளைவுக்கு எல்லாத் தந்தியும் ஒரே அளவு இறங்காது. சுற்று இல்லாத வெறும் தந்தியில் எது தாழ்ந்த சுரத்தில் இருக்கிறதோ அது குறைவாகவே நீண்டிருக்கும். நீட்சி குறைவு என்பதால் சிறு தொய்வும் அதைப் பெரிதாகப் பாதிக்கும். ஆறாவது தந்தி மூன்றாவதன் அதே சுரம், ஒரு ஸ்தாயி கீழே. அதுவும் வெறும் தந்தியாக இருந்தால், அதே வளைவுக்கு மூன்றாவதைப்போல் நான்கு மடங்கு சென்ட் இறங்கும். ஆகவே ஏ பெடலை மட்டும் மிதித்து ஆறாவது தந்தியைப் பார்த்தால் பெட்டியின் வளைவு பூதக்கண்ணாடி வைத்த மாதிரி தெரியும். ஆறாவது தந்திதான் கெட்டது என்று நினைத்து அதை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. தந்தி பாவம்.

அளப்பது எப்படி

சாவியைத் திருகாதீர்கள். புதியவர்கள் எல்லாரும் செய்வது இதுதான்: பெடல் மிதித்தபோது ஈ இறங்கியது என்று நான்காவது சாவியை ஏற்றுவார்கள், பெடலை விட்டதும் அது கூடுதலாக நிற்கும், மறுபடி இறக்குவார்கள். மாலை வரைக்கும் திருகலாம்.

கேபிள் வழியாக ட்யூனரில் செருகுங்கள், மைக் வேண்டாம். மின்வெட்டு வரக்கூடிய ஊரில் பேட்டரி ட்யூனராக இருப்பதும் நல்லது. கிட்டாரை சிமெண்ட் தரையில் வையுங்கள். தடித்த கம்பளத்தில் ஒரு கால் புதைந்தால் பெட்டி முறுக்கிக்கொள்ளும், அது தனிக் கணக்காகிவிடும். மேலே கை ஊன்றாதீர்கள். முழங்கால் எந்த லீவரையும் உரசக்கூடாது. இரும்புக் கட்டையை எடுத்து வைத்துவிட்டு வெறும் தந்தியை மெதுவாக மீட்டுங்கள். ஓங்கி மீட்டினால் முதல் நொடியில் சுருதி ஏறித்தான் காட்டும்.

நான்காவது தந்தியை மீட்டி, முள் நின்றதும் எண்ணை எழுதுங்கள். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஏ பெடல். எழுதுங்கள். விட்டுவிட்டு பி பெடல். பிறகு இரண்டும். கடைசியாகக் காலை எடுத்துவிட்டு மறுபடி ஒருமுறை. இந்தக் கடைசி எண்ணைப் பலர் பார்ப்பதில்லை, எனக்கு அதுதான் முக்கியம். ஒவ்வொன்றையும் மூன்று தடவை செய்யுங்கள். அதே வரிசையில் எட்டாவது தந்தி, பிறகு பெடல்கள் தொடாத ஒன்று, இரண்டு, ஏழு, ஒன்பது. ஏ மட்டும் மிதித்து ஆறாவது.

மருமகனின் கிட்டாரில் இரண்டு பெடலும் சேர்ந்தபோது நான்காவது 9 சென்ட் இறங்கியது. ஒழுங்கான கருவியில் 2 முதல் 5 வரை பார்க்கலாம். பழகிய காதுக்குக்கூட 5 சென்ட் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால்தான் தட்டுப்படும். ஒன்பது என்பது கூட்டத்தில் யாரோ ஒருவர் முகம் சுளிக்கிற அளவு.

எதிர்ப்பக்கமும் ஒரு சோதனை உண்டு. ஈ தந்திகளை அரைச் சுரம் இறக்குகிற முழங்கால் லீவர் இருக்கும். அதைத் தள்ளினால் பெட்டியின் மேல் பாரம் குறையும், கம்பம் நிமிரும், மற்ற தந்திகள் சற்றே ஏறும். அப்படி ஏறினால் நோய் வளைவுதான் என்பதற்கு இன்னொரு சாட்சி கிடைத்தது.

அதே மாதிரி தெரியும் வேறு நோய்கள்

காலை எடுத்த பிறகு பார்த்த கடைசி எண் இங்கேதான் உதவும். வளைவால் வந்த இறக்கம் பெடலை விட்ட கணமே மறைந்துவிடும். ரப்பர் மாதிரி. பெடலை விட்ட பிறகும் சுருதி திரும்பி வரவில்லை என்றால் அது வேறு.

பெரும்பாலும் உராய்வு. இடது முனையில் தந்தி ஒரு சிறு ரோலர் மேல் ஏறிப் போகிறது. அந்த ரோலர் அழுக்கேறிச் சுற்றாமல் நின்றுவிட்டால், தந்தி இறுகும்போது சாவிப் பக்கத்திலிருந்து கொஞ்சம் இந்தப் பக்கம் வழுக்கி வரும், தளரும்போது முழுதாகத் திரும்பிப் போகாது. ஏற்றி விட்ட தந்தி சற்று இறங்கி நிற்கும், இறக்கி விட்ட தந்தி சற்று ஏறி நிற்கும். இது பெடல் இழுத்த தந்தியிலேயே வரும், பக்கத்துத் தந்தியில் வராது. வித்தியாசம் அவ்வளவு தெளிவு. டர்பன் மாதிரி கடற்காற்று அடிக்கிற ஊரில் ரோலர் பிடித்துக்கொள்வது சகஜம். துடைத்து, ஊசி முனையில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். கொட்டிவிடாதீர்கள், எண்ணெய் தூசியைக் கூட்டிவரும்.

வெப்பம் இன்னொன்று. பிப்ரவரி வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் எல்லாத் தந்தியும் சேர்ந்து நகரும், பெடல் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும். மெல்லிய எஃகுத் தந்தி முதலில் சூடாகி இறங்கும். பிறகு தந்திகளுக்கு அடியில் ஓடும் அலுமினிய நெக் சூடாகும், அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் சுருதி எதிர்த்திசையில் போகும். சரிசெய்த சுருதி அரைமணியில் தலைகீழாகிவிட்டது என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் கேட்பது கிட்டார் எங்கே இருந்தது என்றுதான்.

ஈரப்பதம் இன்னும் மெதுவானது. டர்பன் ஈரத்தில் பழகிய கிட்டாரை குளிர்காலத்தில் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்கு எடுத்துப் போனால் அந்த உலர் காற்றில் மரம் நாட்கணக்கில் சுருங்கும். கேபினட் ட்ராப் நொடிக்கணக்கு.

கடைசியாக ஒன்று நோயே இல்லை. ட்யூனர் காட்டும் காந்தாரமும் தம்புரா சுருதிக்கு இனிக்கிற அந்தர காந்தாரமும் ஒன்றில்லை. இனிப்பது சுமார் 14 சென்ட் கீழே. காதால் இனிப்பாக வைத்துவிட்டு ட்யூனரில் பார்த்தால் ‘ஜி ஷார்ப் இறங்கியிருக்கிறது’ என்று தோன்றும். அது இறங்கவில்லை, நீங்கள்தான் அங்கே வைத்தீர்கள். பெரும்பாலான ஸ்டீல்காரர்கள் வேண்டுமென்றே அப்படித்தான் வைக்கிறார்கள்.

எங்கே வளைகிறது

வளைவுதான் என்று முடிவானால் அடுத்தது இடம் தேடுவது. எனக்குப் பிடித்த வேலை இது.

முதலில் ஒரு எளிய சோதனை. பெடலைத் தொடாமல், சாவியால் மட்டும் ஐந்தையும் பத்தையும் சி ஷார்ப்புக்கு ஏற்றுங்கள், மூன்றையும் ஆறையும் ஏவுக்கு ஏற்றுங்கள். இப்போது தந்திகள் இழுக்கும் பாரம் பெடல் மிதித்தபோது இருந்த அதே பாரம். ஆனால் கால் பாரம் இல்லை, இழுகம்பிகளின் இழுப்பும் இல்லை. நான்காவது தந்தியைப் பாருங்கள். பெடலில் இறங்கியது போலவே இங்கும் இறங்கினால், தந்தி இழுப்புக்கே பெட்டியோ நெக்கோ சேஞ்சரோ வளைகிறது. இங்கே கொஞ்சமாக இறங்கி, பெடலில்தான் நிறைய இறங்குகிறது என்றால், குற்றவாளி அடியில் இருக்கும் தண்டுகள், கால்கள், மிதிக்கும் விதம் இந்தப் பக்கம். ஐந்து நிமிஷ வேலை, ஆனால் பாதி வீட்டை விசாரணையிலிருந்து விடுவித்துவிடும்.

மருமகனுடையதில் சாவிச் சோதனையில் 6 சென்ட், பெடலில் 9. ஆக இரண்டு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம்.

தந்தி இழுப்பால் வரும் பங்கை இன்னும் பிரிக்கலாம். முன்பு எழுதிய எண்களில் ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, ஒன்பது எல்லாம் இறங்கியிருந்தால் பெட்டி மொத்தமாக வளைகிறது. ஏற்றிய தந்திகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட நான்கும் ஏழும் அதிகம் இறங்கி, ஓரத்து ஒன்று அசையவே இல்லை என்றால் விரல்கள் கோத்த அச்சுத்தண்டின் மேல் சந்தேகம் வரவேண்டும். நடுவில் பாரம் ஏறும்போது தண்டு வில்லாக வளைகிறது, அல்லது அதைத் தாங்கும் இடம் தளர்ந்திருக்கிறது. எண்களை ஒப்பிடும்போது ஒன்று மறக்கக்கூடாது: தந்திக்குத் தந்தி உணர்திறன் வேறு என்று மேலே சொன்னேனே, அதனால் ஒரு சென்ட் இரண்டு சென்ட் வித்தியாசத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். பெரிய வித்தியாசத்தை மட்டும் நம்புங்கள்.

பெடல் பக்கத்துப் பங்குக்கு: பெடல் அதன் எல்லையைத் தொடும்வரை மட்டும் மிதித்து ஒரு எண் எடுங்கள். பிறகு அதே பெடலை கோபத்தோடு மிதித்து இன்னொரு எண். எல்லையைத் தொட்ட பிறகு கூடுதலாகக் கொடுக்கிற ஒவ்வொரு கிலோவும் சுருதியை ஏற்றப் பயன்படாது, பெட்டியின் முன்பலகையைக் கீழே இழுக்கத்தான் போகும். மருமகன் தையல் மிஷின் பெடல் மாதிரி மிதித்துக்கொண்டிருந்தான். “மெதுவா மிதிடா” என்றதும் ஒன்பது ஏழரையானது. காசு செலவில்லாத ரிப்பேர்.

இன்னொருவர் துணைக்கு இருந்தால், பெடல் மிதித்திருக்கும்போது பெட்டியின் முன்விளிம்பு நடுவில் அவர் அடியிலிருந்து லேசாகத் தூக்கட்டும். சுருதி திரும்ப ஏறினால் பெட்டி அந்த இடத்தில் தொய்கிறது என்று அர்த்தம். என் தங்கை வந்து தூக்கினாள். “கல்யாணத்துக்குப் பொண்ணு தேடுற நேரத்துல இது என்ன வேலை” என்று கேட்டுக்கொண்டே.

மருந்து

தளர்ந்ததை இறுக்குவதுதான் முதல். கால்கள் நான்கும் அடிவரை திருகியிருக்கிறதா, பெடல்களைத் தாங்கும் குறுக்குச் சட்டம் முன்கால்களில் ஆடாமல் பிடித்திருக்கிறதா, நெக்கை மரத்தோடு பிடிக்கும் திருகுகள், சாவிப் பலகைத் திருகுகள், சேஞ்சரைப் பிடிக்கும் திருகுகள். மரத்தில் ஏறும் திருகை ஸ்பேனர் பலத்தில் முறுக்கினால் மரத்தின் மரை போய்விடும், பிறகு அதைவிடப் பெரிய தலைவலி. பிடித்ததும் நிறுத்துங்கள். ஒவ்வொன்றாக இறுக்கி ஒவ்வொரு தடவையும் ட்யூனரைப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாக இறுக்கினால் எது நோய் என்று கடைசிவரை தெரியாது.

இவனுடையதில் சேஞ்சர் பக்கத்துத் திருகுகள் இரண்டு, கை விரலாலேயே சுற்றின. விற்பதற்கு முன் யாரோ சுத்தம் செய்யக் கழற்றி, பாதியில் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள்.

தந்தியின் தடிமனையும் பார்க்கலாம். இழுவிசை தடிமனின் வர்க்கத்தோடு போகும். ஐந்தாவது தந்தியை 0.018 அங்குலத்திலிருந்து 0.017க்கு மாற்றினால் அந்தத் தந்தியின் இழுப்பும், பெடல் மிதிக்கும்போது கூடுகிற இழுப்பும் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே குறையும். ஒலி சற்று மெலியும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அது ரசனை.

அதற்கு மேல் போனால் ஈடுகட்டும் கம்பி. ஏ பெடலோடு நான்காவது தந்திக்கும் ஒரு இழுகம்பி சேர்த்து, பெடல் மிதிக்கும்போது அதை மூன்று நான்கு சென்ட் மட்டும் ஏற்றும்படி நைலான் நட்டைத் திருகி வைப்பார்கள். இறங்கியது அந்த அளவு ஏறிச் சமமாகும். கெட்டிக்கார யோசனை. ஆனால் புதியவர் தொடக்கூடாது என்பேன். அடியில் இருக்கும் கம்பிக்காடு புரிந்த பிறகு செய்யலாம்.

ஒரு ரிப்பேர் கடையில் இவனிடம் பெட்டியின் அடியில் இரும்புப் பட்டை அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றிருக்கிறார்கள், ஆயிரக்கணக்கில் ராண்டும் கேட்டிருக்கிறார்கள். அளந்து பார்த்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். எங்கே வளைகிறது என்று தெரியாமல் பட்டை அடிப்பது, எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்காமல் பிடுங்குவது மாதிரி.

மிச்சமிருப்பதோடு வாழப் பழகுவதும் மருந்துதான், அதைத்தான் பெரிய வாசிப்பாளர்களும் செய்கிறார்கள். வெறும் ஈயை வழக்கமான 440 கணக்கில் (ஏ சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு) வைக்காமல் 441 அல்லது 442 கணக்கில், அதாவது 4 முதல் 8 சென்ட் ஏற்றி வைப்பார்கள். பெடல் மிதித்தால் இறங்கி ஏறக்குறைய 440 கணக்குக்கு வந்து நிற்கும். மிதிக்காதபோது சற்று ஏறியிருக்கும், மிதித்தால் சரியாக இருக்கும், நஷ்டம் இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொள்ளப்படும். மேலே இரும்புக் கட்டை வேறு நகர்ந்துகொண்டும் நடுங்கிக்கொண்டும் இருக்கிறது. கமகத்தில் இரண்டு சென்ட் யார் தேடுவார்கள்?

சேஞ்சர் திருகு இறுக்கி, ரோலர்களுக்கு எண்ணெய் விட்டு, ஆடிக்கொண்டிருந்த பின்கால் ஒன்றைத் திருகி, கால் பலத்தைக் குறைத்த பிறகு மருமகனின் நான்காவது தந்தி 4 சென்ட்டில் நின்றது. ஆறாவது, ஏ மட்டும் மிதிக்கும்போது, இன்னும் 6. அது அந்தப் பெட்டியின் பிறவிக் குணம், விட்டுவிட்டோம். விற்றவருக்கு எழுதி வைத்திருந்த திட்டுக் கடிதத்தை அழித்தான். எண்களையெல்லாம் மாஸ்கிங் டேப்பில் பென்சிலால் எழுதி, சேஞ்சருக்குப் பக்கத்தில், கீழே குனிந்தால் மட்டும் தெரிகிற இடத்தில் ஒட்டிவிட்டு, பெட்டியைப் போர்வையில் சுற்றிப் பக்கியில் ஏற்றிக்கொண்டு போனான்.